அப்பாவை வெட்டு, மாமா

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பழி வேண்டாம். ஸ்ரீகுமாரி என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. அவள் நடத்தும் குடும்பப் பத்திரிகையின் விடுமுறை இதழுக்கு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி விளையாட்டு எதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். "கத கித ஒண்ணும் வேண்டாம் கேட்டியா. எது வாங்கலாம், எது வாங்கப்பிடாது. அவ்வளவுதான்" என்றாள். எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்கு இதில் என்ன கஷ்டம்?

இப்படித் தொடங்கினேன்:

"நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ள முடியாத அளவுக்குக் காய்கள் பெரிதாக இருக்க வேண்டும். பெரியவர்களைக் குழந்தை தோற்கடிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். மேலும், பரிசு கொடுக்கும் மாமாவும் பிள்ளையின் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்களாக"

அங்கே பேனா நின்றது. மாமா எங்கிருந்து வந்தார்? அவரை யார் அழைத்தது? ஆனால் வந்துவிட்டார். பெயர்கூடத் தயாராக இருந்தது, கனகதாஸ். முழங்கையில் சைக்கிள் எண்ணெய்க் கறை, முகத்தில் ஒரு முறைப்பு. வந்தவரை வாசலில் நிறுத்திவைக்கும் பழக்கம் எங்கள் குளத்தூர்ப் பக்கம் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: "1956 அக்டோபர். நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. கனகதாஸ் நனைந்தபடியே"

வேண்டாம். எங்கள் ஊரில் மழை பெய்யாத அக்டோபர் உண்டா? அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தண்டம்.

தொடக்கம் இரண்டு: "வரலாறு தன் கோட்டைக் கிழித்தபோது" சீ, போ.

தொடக்கம் மூன்று (இதை வைத்துக்கொள்கிறேன்): கனகதாஸ் தன் தங்கையின் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வாங்கப் போனார். தங்கையின் புருஷனோடு அவருக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

இனி, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அது எல்லைப் போராட்டக் காலம். திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலமும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் நடந்து முடிந்து, கடைசியில் பங்கு பிரித்தாயிற்று. விளவங்கோடு அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து அமரவிளையும் பாறசாலையும் கேரளம், களியக்காவிளை தாண்டினால் தமிழ் ராஜ்யம். கனகதாஸ் அமரவிளையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊர்வலத்தில் போய் முதுகில் அடி வாங்கியவர். "நம்ம ஆளுவ ஆளுற எடத்திலதான் இனி நான் சோறு திம்பேன்" என்று சொல்லிவிட்டு, கடையைக் காலி செய்து மார்த்தாண்டத்துக்குக் குடிபோக வண்டியும் பேசிவிட்டார்.

தங்கை புஷ்பபாய் பாறசாலையில் இருந்தாள். அவளுக்கு உடன்பிறந்தது என்று இந்த ஒரு அண்ணன்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அமரவிளைச் சந்தைக்கு வருகிற சாக்கில் சைக்கிள் கடையில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போவாள். அண்ணன் மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டால் அந்தச் சாக்கும் போச்சு. புருஷன் வராத பிறந்த வீட்டுக்குத் தனியாகப் பெட்டி தூக்கிப் போக அவளுக்கு அபிமானம் விடாது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்களும் பேசாமலே பிரிந்துவிட்டால் தனக்கு இனி அண்ணன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அவள் அண்ணனிடம் சொன்னாள்: "போறதுக்கு முந்தி ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க அண்ணா. பிள்ளையளுக்கு ஒரு களி வாங்கிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா ஷியாமளா உங்கள உள்ள விட மாட்டா."

(களி என்றால் எங்கள் ஊரில் விளையாட்டு. ஸ்ரீகுமாரியின் சென்னைப் பிழைதிருத்துநர் இந்த இடத்தில் 'கேழ்வரகுக் களியா, திருவாதிரைக் களியா?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டும் இல்லை, ஐயா.)

3

இப்போது ஜெயசிங். புஷ்பபாயின் புருஷன். இவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

முதல் வரைவில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். மீசையை முறுக்கவிட்டேன். எச்சில் துப்பவிட்டேன். திருவனந்தபுரத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க், ஐக்கிய கேரளக் கட்சி, தமிழில் எழுதுகிற எனக்கு இதைவிட வசதியாக ஒரு வில்லன் கிடைப்பானா? மறுநாள் காலையில் படித்துப் பார்த்தேன். அந்த ஆள் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் எழுதவில்லை, அவராகவே பின்னிக்கொண்டிருந்தார். மீசையை எடுத்துவிட்டேன்.

ஜெயசிங் வீட்டில் தமிழ்தான் பேசினார். ஆபீஸில் மலையாளம். தூக்கத்தில் இரண்டும். தாலுகா அந்தப் பக்கம் போனால் வேலை என்ன ஆகும், தெரியாத ஊருக்குத் தூக்கியடிப்பார்களா என்பதுதான் அவர் அரசியல். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

சண்டை நடந்தது 54 ஆகஸ்டில். அடி வாங்கிய முதுகோடு கனகதாஸ் தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். புஷ்பபாய் சோறு விளம்பினாள். ஜெயசிங் எதிரில் இருந்தார். யாரையும் பார்க்காமல், "போனவங்களுக்கு கெடச்சது, அவ்வளவுதான்" என்றார். கனகதாஸ் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நடந்தார். அத்தோடு சரி. அதற்குப் பிறகு எதிரெதிரே வந்தால் ஒருவர் ஆகாயத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

4

நெய்யாற்றின்கரையில் சிலேட்டும் வளையலும் ரிப்பனும் விற்கிற கடை. கடைக்காரர் கிருஷ்ணன்குட்டி.

"குட்டிக்கு எத்ர வயசாயி?" என்றார் கிருஷ்ணன்குட்டி.

கனகதாஸ் அன்று தமிழைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்ற வைராக்கியத்தில் இருந்தார். "ஆறு. எளையவனுக்கு நாலு" என்றார். ஆறும் நாலும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கிருஷ்ணன்குட்டிக்குத் தோன்றியது, ஆனால் வியாபாரி, வாயைத் திறக்கவில்லை.

(ஸ்ரீகுமாரி, நீ கேட்ட கட்டுரை இங்கேதான் வருகிறது, கவனி.)

பம்பரம் வேண்டாம். ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் காலை மடக்கி ஓரமாக உட்கார வேண்டும். பல்லாங்குழி நல்லதுதான், எண்ணப் பழகும். ஆனால் இளையவன் போன ஓணத்துக்கு ஒரு புளியங்கொட்டையை மூக்கில் ஏற்றி, வைத்தியர் வரை போய் வந்தவன். சீட்டுக்கட்டை ஜெயசிங் வாசல்படி தாண்ட விடமாட்டார். பாம்பும் ஏணியும் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிரமாதம், எழுத்துத் தெரிய வேண்டாம், புத்தி வேண்டாம், பகடை போட்டால் போதும். கனகதாஸ் அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். நான்தான் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஏன் என்று கேளுங்கள். அதில் அவரவர் ஏணி, அவரவர் பாம்பு. ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் முழுக்க அதை ஆடலாம். இந்தக் கதைக்கு ஆகாது.

அடுத்து லூடோ அட்டை. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு மூலையில் நாலு வீடு. ஆளுக்கு நாலு காய். ஒருவர் காய் நிற்கிற கட்டத்தில் இன்னொருவர் வந்து இறங்கினால் நின்ற காய்க்கு வெட்டு. 1956இல் நெய்யாற்றின்கரையில் லூடோ அட்டை கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைத்தது. கதை என்னுடையது.

கனகதாஸுக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்: ஷியாமளா ஒன்று, இளையவன் ராஜன் இரண்டு, தான் மூன்று, புஷ்பபாய் நாலு. கணக்குச் சரியாக இருந்தது. தங்கை புருஷனுக்கு இடமே இல்லாத விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்ட திருப்தியோடு அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனுஷன் என்னைவிடப் பெரிய திட்டக்காரர்.

புஷ்பபாய் எங்கள் இருவரையும்விடப் பெரிய திட்டக்காரி. அது பிறகுதான் தெரிந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை. பாய் விரித்தாயிற்று. காய்களை ஷியாமளா அடுக்கினாள். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஜெயசிங் ஜன்னலோரம் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார்.

புஷ்பபாய் ஒரே ஒரு தடவை பகடை போட்டாள். எழுந்தாள்.

"சவம், அடுப்பில கறி கெடக்குது. எனக்க மஞ்சளுக்கு யாராவது இரியுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் கறி ஒன்றும் கிடையாது. மீனைக் காலையிலேயே வைத்து இறக்கிவிட்டாள்.

"அப்பா, வாங்க. மஞ்சளுக்கு ஆளில்ல" என்று ஷியாமளா பேப்பரைப் பிடித்து இழுத்தாள். பேப்பர் கிழிந்தது. ஆறு வயது மகள் இழுக்கும்போது எந்தக் கட்சிக்காரரும் நாற்காலியில் இருக்க முடியாது. ஜெயசிங் பாயில் வந்து உட்கார்ந்தார், கனகதாஸுக்கு எதிரில்.

பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு கனகதாஸ் போட்ட பகடை பாயைத் தாண்டி உருண்டு சுவரோரம் நின்றது. ஆறு.

"மக்கா ஷியாமளா, உன் மாமாகிட்ட சொல்லு. பாய விட்டு வெளிய போனா செல்லாது."

"ஷியாமளா, உன் அப்பாகிட்ட சொல்லு. சைக்கிள் கடக்காரனுக்கு உருளுறது எல்லாம் செல்லும்."

"சட்டம்னு ஒண்ணு உண்டுன்னு சொல்லு."

"எந்த ஊரு சட்டம்னு கேளு."

ஷியாமளா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கிட்டதான இருக்கீங்க. பின்ன எனக்கு எதுக்கு வாய் வலிக்கணும்?" என்றாள். அவளே தீர்ப்பும் சொன்னாள்: வெளியே போனால் செல்லாது, மறுபடி போட வேண்டும். இன்னொரு சட்டமும் போட்டாள். கடைசி ஆளின் கடைசிக் காய் வீடு சேரும் வரைக்கும் யாரும் பாயைவிட்டு எழுந்திருக்கக்கூடாது.

நாலு பேரில் முந்தியது ஜெயசிங். மூன்று காயை வீட்டில் ஏற்றிவிட்டார். நாலாவது மஞ்சள் காய் வீட்டுக்குத் திரும்புகிற வழிக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. அதற்கு ஐந்து கட்டம் பின்னால் கனகதாஸின் நீலக் காய். கனகதாஸ் உருட்டினார். அஞ்சு.

(இங்கே நான் பகடையைத் திருப்பி வைத்தேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், வைத்தேன்.)

காயைக் கையில் எடுத்த கனகதாஸ் அதைக் கீழே வைக்கவில்லை. பேச்சு வார்த்தை உள்ள வீட்டில் காயை வெட்டினால் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டு வருஷம் பேசாத மனுஷனின் காயை வெட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? வெட்டாமல் விட்டால் பிச்சை போட்ட மாதிரி ஆகும். வெட்டினால் அன்றைய சோற்றுக்குப் பழி வாங்கிய மாதிரி ஆகும். அவர் கை அட்டைக்கு மேலே அப்படியே நின்றது. ஜெயசிங் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"வெட்டு மாமா" என்று ஷியாமளா கத்தினாள். "அப்பாவ வெட்டு. சீக்கிரம் வெட்டு."

"வெட்டு, வெட்டு" என்று ராஜன் ஒரு தட்டை எடுத்துத் தரையில் அடித்தான்.

6

வேலிக்கு அந்தப் பக்கம் விஜயம்மா ஓலை முடைந்துகொண்டிருந்தாள். தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். அதுதான் வினை. மற்ற எந்தச் சொல்லாக இருந்தாலும் ஒரு மொழியில் தப்பாகப் பட்டால் இன்னொரு மொழியில் சரிபார்த்துக்கொண்டிருப்பாள். வெட்டு என்பது இரண்டிலும் வெட்டுதான். தமிழ்க் கட்சிக்கார அண்ணன் ஊரைவிட்டுப் போகிற வாரம், கேரளக் கட்சிக்கார மச்சான் வீட்டுக்குள் இருக்கிறார், பிள்ளை அலறுகிறது, ஏதோ உலோகச் சத்தம் வேறு. விஜயம்மா ஓலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள்.

"ஓடி வாங்க, அங்க வெட்டு நடக்குது."

முக்குச் சாயாக்கடையில் கனகதாஸின் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். எதிரே வாயனசாலையில் ஜெயசிங்கின் ஆட்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வாசலுக்கு ஓடி வந்தது. ஒருவர் கையில் மண்வெட்டிக் கம்பு. இன்னொருவர் அவசரத்தில் சாயா கிளாஸையே கொண்டுவந்துவிட்டார். முற்றத்தில் எல்லோரும் கலந்து நின்றுவிட்டார்கள். யார் யாரை அடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

கனகதாஸின் ஆள் ஒருவர் வாசலில் தலையை நீட்டினார். "தாஸண்ணே, அவன் உங்கள அடிச்சானா? சொல்லுங்க, இப்பவே ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

கையில் நீலக் காயோடு கனகதாஸ் நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசிக்கவே அவருக்கு நேரம் இருக்கவில்லை.

"போலே அங்கிட்டு. எனக்க அளியன் என்ன எதுக்கு அடிக்கணும்? இது களியாக்கும்."

சாயா கிளாஸ்காரர் ஒரு வாய் குடித்தார்.

வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். அளியன் என்பது மலையாளத்தில் தங்கை புருஷன். மச்சான் என்பது அதற்குத் தமிழ். இந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கூத்து இருந்தது: தமிழுக்காக அடி வாங்கிய கனகதாஸ் தங்கை புருஷனைக் கூப்பிட்டது அளியன் என்று. கேரளம் கேட்ட ஜெயசிங் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டது மச்சான் என்று. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, வாயில் அப்படிப் படிந்துபோனது. இரண்டு வருஷமாக வெளியே வராமல் கிடந்த சொல் தன் கட்சிக்காரர்கள் முன்னாலேயே வந்து விழுந்துவிட்டது. கனகதாஸ் அதை எடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஒரு வரைவில் ஜெயசிங்கை இங்கே மன்னிப்புக் கேட்க வைத்திருந்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பாக்கும்" என்று. அடித்துவிட்டேன். ஊரே முற்றத்தில் நிற்கும்போது எங்கள் ஊர் ஆண்பிள்ளை மன்னிப்புக் கேட்டான் என்றால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். ஜெயசிங் சொன்னது இவ்வளவுதான்:

"மச்சான், அவங்கள விடுங்க. உங்க கையில காய் நிக்குது."

"வெட்டினா உமக்கு வருத்தம் உண்டா?"

"உண்டு. ஆனாலும் வெட்டணும். நீங்க விட்டுக் குடுத்தா அதாக்கும் எனக்குத் தாங்காது."

அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற புஷ்பபாய்க்குக் கண் நிறைந்தது. சந்தோஷம்தான். இவ்வளவு சந்தோஷம் ஒரே நேரத்தில் வந்து அவளுக்குப் பழக்கமில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கனகதாஸ் முற்றத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க போங்க. இந்தக் களி முடிஞ்ச உடனே நானும் எறங்குவேன். வண்டிக்காரன் அமரவிளையில நிக்குவான்."

முடிஞ்ச உடனே என்பது புஷ்பபாயின் காதில் விழுந்தது.

7

ஸ்ரீகுமாரி போன் செய்தாள். கட்டுரை எங்கே என்றாள். எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன். திட்டப்போகிறாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவளோ, "கடைசியில வெட்டினாரா?" என்றாள். பாருங்கள், இவள்தான் கதை வேண்டாம் என்றவள்.

"அவரப் போக விடாத. இங்கயே இருக்கட்டுமே" என்றாள். அதையும் எழுதிப் பார்த்தேன். முடிவு அ: கனகதாஸ் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு அமரவிளையிலேயே தங்குகிறார். படித்தால் பொய்யாக இருந்தது. கடை காலி, கட்டு மூட்டை கட்டியாயிற்று, அந்த ஆளின் பிடிவாதம் எனக்குத் தெரியும். முடிவு ஆ: அவர் காயை வெட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, ஜெயசிங்கைக் கட்டிக்கொண்டு... இல்லை, கட்டிக்கொள்கிற ஆட்களா இவர்கள்?

நான் முழித்துக்கொண்டிருந்தபோது புஷ்பபாய் பேசினாள். சத்தியமாக நான் அவளுக்கு வசனம் எழுதவில்லை.

"வெட்டுங்க அண்ணா."

கனகதாஸ் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி, உனக்க மாப்பிளையாக்கும்."

"அதுக்கென்ன. வெட்டுங்க. அவங்க மொதல்லேருந்து சுத்தி வரட்டும். சோறு திங்க இன்னும் நேரம் கெடக்கு."

ஜெயசிங் மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. கனகதாஸுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் ஆனது. புரிந்ததும் நீலக் காயை மஞ்சளின் தலையில் நச்சென்று வைத்தார். ஷியாமளா குதித்தாள். ராஜன் தட்டை அடித்தான். வெட்டுப்பட்ட காயை ஜெயசிங் எடுத்து மஞ்சள் மூலையில் கொண்டுபோய் வைத்தார். தோற்றவர் முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெட்டுப்பட்ட காய் மறுபடி வெளியே வர வேண்டுமானால் ஆறு விழ வேண்டும். அதுதான் லூடோவின் விதி. விழாத வரைக்கும் காய் மூலையில் கிடக்கும், விளையாட்டு முடியாது, பாயைச் சுருட்ட முடியாது, வண்டிக்காரன் நிற்பான், அண்ணன் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஜெயசிங் உருட்டினார். இரண்டு. சுற்றி வந்தது. உருட்டினார். மூன்று. புஷ்பபாய் இலை நறுக்கி எடுத்து வந்து வைத்தாள். உருட்டினார். ஒன்று.

எழுதுகிறவள் நான். பகடை என் கையில்தான் இருக்கிறது. ஆறைப் போட எனக்கு மனம் வரவில்லை. கதை முடிந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால், இந்தாருங்கள், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.